ஏழாவது கட்டம்

என் பெயரைச் சொல்லி ஒரு தாள் இன்றும் பல ஊர்களில் புழங்குகிறது. ஒரே பக்கம், ஏழு கட்டங்கள். மாடு தயங்கி நின்றதா, பின்வாங்கியதா, சறுக்கியதா, விழுந்ததா, கத்தியதா, ஷாக் கொடுத்து விரட்டும் மின்கோல் பட்டதா, ஆள் தொட்டாரா. எது நடக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும் என்று மேடைகளில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளின் நடத்தையை ஆராய்வது என் தொழில். அவை எதற்குப் பயப்படுகின்றன, எப்போது நிம்மதியாக இருக்கின்றன, கடைசி நடையை எப்படி நடக்கின்றன என்று முப்பத்தொரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில் யாராவது "மாட்டு டாக்டரா?" என்பார்கள். "வைத்தியம் பார்க்க மாட்டேங்க, சும்மா பார்ப்பேன்" என்பேன். என் கணவருக்கு மருந்துக் கடை. அவரிடம் கேட்டால், "எங்க வீட்டம்மா மாடு மேய்க்கிறாங்க. கம்புக்குப் பதிலா பேனா" என்பார்.

முதல் வருடமே எனக்கு ஒரு சின்ன வெற்றி கிடைத்தது. ஊருக்கு வெளியே இருந்த ஓர் இறைச்சிக் கூடத்தில், மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போகும் ஒடுங்கிய பாதையின் ஒரு வளைவில் எல்லா மாடும் நின்றுவிடும். ஆட்கள் கத்துவார்கள், கம்பால் குத்துவார்கள், வாலை முறுக்குவார்கள். நான் பாதை காலியாக இருந்த நேரத்தில் கையையும் காலையும் ஊன்றி, மாட்டின் உயரத்தில் அந்தப் பாதை முழுக்கத் தவழ்ந்து போனேன். வளைவில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வேலியில் தொங்கிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. நின்று நடக்கும் மனிதர் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. அதை எடுத்து வேறு இடத்தில் மாட்டினேன். மாடுகள் நடந்தன. அன்று சாணியும் சகதியுமாக வீட்டுக்குப் போன என்னைக் கணவர் வாசலிலேயே நிறுத்தி, "உள்ள வர்றது ஆளா, மாடா?" என்று கேட்டார்.

அந்த ஒரு மழைக்கோட்டைக் கழற்றியதற்காகவே கடவுள் என்னை இந்த வேலைக்கு அனுப்பினார் என்று அப்போது நம்பினேன். சாகப் போகிற உயிர்தானே, பயந்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். சாகப் போகிற உயிர் என்பதால்தான் பயப்படக் கூடாது என்று பதில் சொல்வேன். இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் பிறகு நான் செய்தது வேறு.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்தத் தாளை உருவாக்கினேன். ஏழாவது கட்டத்தில் மட்டும் எனக்குத் தகராறு. ஆட்கள் மாட்டைக் குத்துகிறார்கள், அடிக்கிறார்கள், தள்ளுகிறார்கள், தட்டுகிறார்கள். எது பலமானது, எது மென்மையானது? இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து எண்ணச் சொன்னால் ஒருவர் "அடி" என்று எழுதியதை மற்றவர் "தட்டல்" என்று எழுதினார். எங்கள் தொழிலில் இரண்டு பேர் ஒரே மாதிரி எண்ணாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். கை பட்டாலும் கம்பு பட்டாலும், மெதுவாகப் பட்டாலும் ஓங்கிப் பட்டாலும், தொட்டால் ஒரு கோடு. உடனே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு இடங்களில் இருவரும் ஒத்துப்போனார்கள். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணுவதற்குச் சுலபமானதையே உண்மை என்று எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தாளை முதன்முதலாகச் சோதித்ததும் அதே இறைச்சிக் கூடத்தில்தான். பாதைக்கு மேலே குறுக்காக ஒரு பலகை போட்டிருப்பார்கள். அதில் நின்றுகொண்டு எண்ணினேன். பாதையின் கடைசித் திருப்பத்தில், கதவுக்கு முன்னால், ஒருவர் நிற்பார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் கூடத்தில் எல்லாரும் அவரை ஹெட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம், தன்னைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு மாட்டையும் அவர் தோளுக்குப் பின்னால் தொடுவார். உள்ளங்கையை முழுதாக வைத்து, அது இரண்டு எட்டு வைக்கும்வரை எடுக்க மாட்டார். ஒன்றையும் விட மாட்டார். "பாரு, அட்டெண்டன்ஸ் எடுக்குறாரு" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அது போதாதென்று ஒவ்வொன்றிடமும் "போயிட்டு வா" என்று சொல்வார்.

"யோவ் ஹெட்மாஸ்டர், அது எங்கய்யா வரப் போகுது?" என்று கம்பு பிடித்த ஒருவன் கத்துவான்.

"வீட்டை விட்டுக் கிளம்புறவங்களைப் 'போ'ன்னா சொல்லுவோம்?" என்பார் அவர். சிரிக்கக்கூட மாட்டார்.

அன்று காலை ஷிப்டில் இருநூற்றாறு மாடுகள். அவர் பெயருக்கு நேரே ஏழாவது கட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள் விழுந்தன. வாலை முறுக்குகிறவனுக்குக்கூட அவ்வளவு இல்லை. அவன், நின்று அடம்பிடிக்கிற மாட்டின் வாலை மட்டும்தான் முறுக்குவான்.

மற்ற கூடங்களிலும் எண்ணி முடித்து நான் திரும்பி வந்தபோது, மேலாளர் என் தாளை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். தேநீர் இடைவேளையில் ஹெட்மாஸ்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அம்மா, என் பேர்லதான் நிறைய கோடு இருக்காமே. நான் எதையும் அடிக்கலையே."

"அடிச்சீங்கன்னு எழுதலைங்க. தொட்டீங்கன்னுதான் எழுதியிருக்கேன்."

"தொட்டா அதுங்களுக்குப் பயமா?"

"நிறைய தொடுற இடத்துல நிறைய கத்துதுங்க. எல்லா இடத்துலயும் எண்ணிப் பாத்தாச்சு."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியா? நான் அதுக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். தப்புதானா?"

"தப்பு, சரியெல்லாம் நான் சொல்லலைங்க. எண்ணுறது மட்டும்தான் என் வேலை."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னேன் என்பது எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. குரலில் எரிச்சல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். கையில் தேநீர் இருந்தது, ஆறிவிடுமே என்று இருந்தது.

அந்த மாதமே அவரை அங்கிருந்து எடுத்துத் தோல் கழுவும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் காற்றழுத்தத்தில் தானாகத் திறந்து மூடும் கதவு ஒன்று வந்தது. ஆள் நிற்கத் தேவையில்லை. அடுத்த பருவத்தில் மறுபடியும் எண்ணப் போனேன். அந்தப் பாதையில் தொடுதல் கிட்டத்தட்ட இல்லாமலே ஆகியிருந்தது. ஆனால் கத்திய மாடுகள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறாகக் கூடியிருந்தன. மற்ற கூடங்களில் எல்லாம் குறைந்திருக்க, இங்கே மட்டும் கூடியிருந்தது. நான் யோசித்தேன். புதுத் தரை போட்டிருந்தார்கள், வெயிலும் அதிகம். "புதிய தரையின் காரணமாக இருக்கலாம்" என்று கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். அந்தக் கட்டுரைதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. எங்கே போனாலும் "கோடு போடுற அம்மா வந்துட்டாங்க" என்பார்கள். அடிக்குறிப்பை யாரும் படிக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து பத்தொன்பது வருடம்.

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது, என் தாளை நாடு முழுக்க எல்லா இறைச்சிக் கூடங்களுக்கும் கட்டாய விதியாக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஒரு கூட்டம் போட்டு, நான் கையெழுத்திட்டால் முடிந்தது. கண்காணிக்கப் போகிறவர்களுக்குக் காட்ட ஒரு பயிற்சிப் படம் வேண்டும் என்றார்கள். பழைய ஒளிப்பதிவுகளில் நல்லதாக ஒன்றைத் தேட எங்கள் அலுவலகப் புள்ளிவிவரக்காரரும் நானும் உட்கார்ந்தோம். நாற்பது வயதுக்காரர். அவரை எல்லாரும் புள்ளி என்றே கூப்பிடுவோம். அவரும் சளைக்காமல், "இந்த ஆபீஸ்ல பெரிய புள்ளி நான் ஒருத்தன்தான்" என்பார்.

தாளைச் சோதித்த அந்த முதல் காலை ஷிப்டை அன்றே படம் பிடித்து வைத்திருந்தோம்; அது ஓடியது. நான் கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"மேடம், கடைசியில நிக்கிற ஆளு என்ன பண்றாரு?"

"தொடுறாரு. ஏழாவது கட்டம்."

"அது தெரியுது. மாட்டோட காதைப் பாருங்க."

படத்தைப் பின்னால் ஓட்டினார். ஒரு சிவப்புக் கிடாரி வந்தது. தலையைத் தூக்கி, கண்ணின் வெள்ளை தெரிய, காதுகள் விறைத்து. அந்த உள்ளங்கை தோளுக்குப் பின்னால் பட்டது. காதுகள் பக்கவாட்டில் தொய்ந்தன. தலை இறங்கியது. அது நடந்து போனது. அடுத்த மாடும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"இதுக்கும் கோடு போட்டீங்களா?"

"போட்டேன், தம்பி."

"வாலை முறுக்குறவனுக்கும் ஒரு கோடு, இவருக்கும் ஒரு கோடா?"

"ஆமா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

மாட்டின் காதைப் படிக்க எத்தனையோ பேருக்குக் கற்றுத் தந்தவள் நான். மழைக்கோட்டைப் பார்க்கத் தவழ்ந்தவள் நான். அதே பலகையில் நின்றுகொண்டு இருநூற்றுப் பன்னிரண்டு முறை அந்தக் கையை மட்டும் பார்த்தேன், காதைப் பார்க்கவில்லை. காதுக்கு என் தாளில் கட்டம் இல்லை.

பதினோரு நாள் நாங்கள் இருவரும் பழைய பதிவுகளைத் தனித்தனியாக எண்ணினோம். உள்ளங்கை நிதானமாகப் பட்டால் ஒரு கட்டம், மற்றதெல்லாம் வேறு கட்டம். கொஞ்சம் பொறுமையாகப் பழகிக்கொண்டால் இருவர் கணக்கும் நன்றாகவே ஒத்துப்போனது. முன்பு நான் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை, அவ்வளவுதான். முடிவு தெளிவாக வந்தது. அடியும் குத்தும் பட்ட மாடுகள் கத்தின. அந்தக் கை பட்ட மாடுகள் மற்ற எந்தப் பாதையின் மாடுகளைவிடவும் அமைதியாகப் போயிருந்தன. அடிக்குறிப்பில் நான் பழி போட்ட தரை பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், அவசரப்படாதவர்.

"அஞ்சு வருஷம் கழிச்சு மறுபரிசீலனை வரும். அப்ப திருத்திக்கலாமே. இப்ப போய் ஏன் கிளறணும்? நீங்க நிம்மதியா ஓய்வு பெறுங்க. விழாவுக்கு மாலைகூட சொல்லியாச்சு."

"அஞ்சு வருஷம் எல்லா இடத்துலயும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுவாங்களே சார்."

"வெள்ளிக்கிழமை கூட்டம். யோசிச்சுக்குங்க. உங்க பேர்தான் போகும்."

மறுநாள் காலை பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். வழக்கமாக வரும் வார்த்தைகள் வரவில்லை. கண்ணை மூடினால் துணியில் துடைத்துக்கொண்டே வந்த அந்தக் கைகள்தான் தெரிந்தன. எழுந்து சமையலறைக்கு வந்தேன்.

"என்னங்க, நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"என்கிட்டயா?" என்றார் கணவர், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "அதுக்கு நீ ஒரு நாள் பூரா லீவு போடணுமே."

முழுவதையும் சொன்னேன். வெண்ணெய்க் கத்தி பாதியில் நின்றது.

"வெள்ளிக்கிழமை சொல்லிடுவல்ல?"

"சொல்லிடுவேன். ஆனா கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட சொல்லணும்னு தோணுது. அவர் எங்க இருக்காரோ, என்னவோ."

"கடையில மருந்து மாத்திக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்? அடுத்த தடவை வர்றப்ப சொல்லிக்கலாம்னா இருப்பேன்? செருப்பைப் போட்டுக்கிட்டு அவங்க வீட்டுக்குத்தான் ஓடுவேன்." தட்டை என் பக்கம் தள்ளினார். "இதைத் தின்னுட்டு ஓடு."

இறைச்சிக் கூடத்து வாயிற்காவலாளியிடம் விலாசம் கிடைத்தது. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. படிக்கட்டு முழுக்க டீசல் நெடி. கதவைத் திறந்தது அவர் மனைவி.

"யாரு வேணும்?"

"ஐயாவைப் பாக்கணும். நான் அந்த இறைச்சிக் கூடத்துல மாடுகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவ."

அந்த அம்மாள் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "கோடு போட்ட அம்மாவா?"

"ஆமாங்க."

"மூணு மாடி ஏறி வந்து மூச்சு வாங்குறீங்க. உள்ள வந்து உக்காருங்க. திட்டுறதா இருந்தாலும் உக்கார வச்சுதான் திட்டணும்."

ஹெட்மாஸ்டர் பின்பக்க பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். இரண்டு கைகளிலும் வெள்ளைப் பருத்தி உறைகள். தோல் கழுவும் கொட்டகையின் உப்பில் கை வெடித்துப் புண்ணாகி, வேலையை விட்ட பிறகும் ஆறவில்லை என்று மனைவி சொன்னார். என்னைப் பார்த்ததும் அவர் தயங்காமல் அடையாளம் கண்டுகொண்டார்.

"பலகை மேல நிப்பீங்களே, அந்த அம்மா. வாங்க. நல்லா இருக்கீங்களா?"

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததை மறந்துவிட்டேன். நின்றபடியே சொன்னேன். "ஐயா, அன்னிக்கு நான் எண்ணினது தப்பு. நீங்க தொட்டதால எந்த மாடும் பயப்படலை. நீங்க தொட்டதும் அதுங்க அமைதியாச்சு. படத்துல தெளிவா தெரியுது. எனக்குத்தான் பாக்கத் தெரியலை."

அவர் ஒரு சட்டையை உதறியபடி நின்றுவிட்டார்.

"அப்ப நான் அதுங்களைப் பயமுறுத்தலையா?"

"இல்லைங்க."

"நல்லா தெரியுமா? திரும்ப எண்ணிப் பாத்தீங்களா?"

"பதினோரு நாள் எண்ணினோம். ரெண்டு பேர், தனித்தனியா."

மனைவிதான் பேசினார். குரலில் இப்போது கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வேலையை மாத்துனதுக்கு இவர் உங்களை ஒரு நாளும் திட்டுனதில்லைம்மா. நான்தான் திட்டுவேன். ஆனா படிச்சவங்க எண்ணிச் சொல்லிட்டாங்கன்னு அப்படியே நம்பிட்டாரு. என் கை பட்டா உசிருங்க பயப்படுது, எனக்கே தெரியாம இத்தனை வருஷம் கொடுமை பண்ணியிருக்கேன்னு ஒரே புலம்பல். பேரன் பொறந்தப்ப தூக்கலை. கை முரடா இருக்குன்னு சாக்கு சொன்னாரு. அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது. தாத்தா நம்மகிட்ட வரமாட்டாருன்னே அது நெனச்சுக்கிச்சு."

நான் ஒரு மனிதரின் இடத்தைத்தான் பறித்தேன் என்று எண்ணிக்கொண்டு படியேறி வந்திருந்தேன். அவருடைய கையையே அவருக்கு எதிரியாக்கிவிட்டேன் என்று எனக்குத் தெரியாது. தாளைப் பார்த்து மேலாளர் என்ன செய்வார் என்று யோசித்திருக்கிறேன். அந்தத் தாளை ஒருவர் மனதார நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் சட்டையைக் கொடியில் போட்டு, மடிப்பை இழுத்து நேராக்கி, கிளிப் மாட்டினார். பிறகு கேட்டார்.

"எனக்கப்புறம் அந்த இடத்துல யாரு நின்னாங்க?"

"யாரும் இல்லைங்க. தானா திறக்குற கதவு."

"அப்ப யாரும் தொடலை."

"இல்லை."

"பத்தொம்பது வருஷமா?"

நான் தலையை ஆட்டினேன். எண்ணிப் பழகிய மூளை வேண்டாம் என்றாலும் கணக்குப் போட்டுவிட்டது. ஒரு காலைக்கு இருநூறு. அந்த ஒரு பாதையில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல். அதைச் சொல்லவில்லை. அவருக்குக் கணக்குத் தேவைப்படவில்லை.

"அன்னிக்கு ஆறு மாடு ரொம்பப் பயந்துச்சு. அதுங்களை ரெண்டு தடவை தொட்டேன்" என்றார். இருநூற்றாறுக்கும் இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் நடுவே இருந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. "அம்மா, நீங்க என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுட்டீங்க. அது பெரிய மனசு. அதுங்ககிட்ட எப்படிக் கேப்பீங்க?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. எனக்கு வழி தெரிந்தால் தனக்கும் சொல்லட்டும் என்பதுபோலக் கேட்டார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மூவரும் குடித்தோம். நான் கிளம்பும்போது "போயிட்டு வரேங்க" என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். 'போயிட்டு வாங்க' என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேச எழுந்தேன். ஏழாவது கட்டம் தவறு, அடிக்குறிப்பு அதைவிடத் தவறு, இரண்டும் என்னுடையவை என்றேன். தாளை விதியாக்க வேண்டாம், ஏழாவது கட்டத்தை இரண்டாகப் பிரித்து முதலில் சோதியுங்கள் என்றேன். புள்ளி எழுந்து எண்களைக் காட்டினார். ஒருவர், "அப்போ இத்தனை வருஷமா நாங்க பின்பற்றினது?" என்று கேட்டார். "அதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க" என்றேன். முடிவு தள்ளிப்போனது. என் பெயரை எடுத்துவிட்டுப் புதிய தாள் தயாரிக்க ஒரு குழு போட்டார்கள். அது நியாயம்தான். விழா நடந்தது. மாலையும் வந்தது. பேசியவர்கள் என் நேரம் தவறாமையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

குழுவுக்கு ஒரு காரியம் தேவைப்பட்டது. மென்மையான தொடுகை எப்படி இருக்கும் என்று கண்காணிப்பாளர்கள் நேரில் பார்க்க வேண்டும். புள்ளி ஹெட்மாஸ்டரைக் கேட்டுப் பார்த்தார். அந்த இடத்துக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அது கூடம் இல்லை, எங்கள் ஆய்வுப் பண்ணை, பாதை வட்டமாகச் சுற்றி மறுபடியும் பட்டிக்கே வரும், அன்றைக்கு எந்த மாடும் எங்கேயும் போகாது என்று நான் அவர் மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் இழுத்துட்டு வரேன். கழுத்துல கயிறு கட்டியாவது" என்றார்.

வந்தார்கள். மேகமூட்டமான காலை. ஐந்து கண்காணிப்பாளர்கள் பலகையில் தாளும் பேனாவுமாக நின்றார்கள். ஓய்வு பெற்றுவிட்டதால் நான் கீழே வேலியோரம் நின்றேன். ஹெட்மாஸ்டர் வளைவில் போய் நின்று ஒவ்வொரு விரலாக உறையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். உள்ளங்கை முழுக்க வெடிப்பு.

முதலில் ஒரு கறுத்த மாடு வந்தது. அவர் கையை நீட்டினார். ஆனால் வைக்கவில்லை. தோலுக்கு ஓர் அங்குலம் இருக்கையில் கை நின்றுவிட்டது. மாடு கடந்து போய்விட்டது. அடுத்ததும் அப்படியே போனது. மேலே யாரும் எதுவும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. நான் செய்த காரியம் அந்த ஓர் அங்குலத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒரு சிவப்புக் கிடாரி. வளைவில் அதுவாகவே நின்றது. தயக்கம், முதல் கட்டம். அவர் கை மறுபடியும் அந்தரத்தில். அது மூச்சை ஒருமுறை பெரிதாக விட்டது. பிறகு, வேலியில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளச் சாய்வதுபோல, அந்தக் கையின் பக்கமாகச் சாய்ந்தது.

மேலிருந்து ஒரு கண்காணிப்பாளர், "இது எந்தக் கட்டம்? யாரு யாரைத் தொட்டதா எழுதுறது?" என்று கேட்டார்.

"எழுதாதீங்க. காதைப் பாருங்க" என்றார் புள்ளி.

ஹெட்மாஸ்டர் கையை எடுக்கவில்லை. அதோடு இரண்டு எட்டு நடந்தார். "போயிட்டு வா" என்றார், எனக்கே கேட்காத குரலில். உதடு அசைந்ததில்தான் தெரிந்தது.

அதன் பிறகு வந்த எல்லா மாட்டையும் தொட்டார். அன்று இருபத்திரண்டு மாடுகள். நான் எண்ணவில்லை, பலகையில் இருந்தவர்கள் சொன்னார்கள். பாதை வட்டமாதலால் கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்புக் கிடாரி சுற்றிக்கொண்டு மறுபடியும் அவரிடமே வந்தது. அவர் முகத்தை உயர்த்தி அதைப் பார்த்தார். பல வருடம் ஆயிரமாயிரம் மாடுகளிடம் சொன்ன வார்த்தையை முதல்முறையாக ஒன்று கேட்டுக்கொண்டதுபோலத் திரும்பி வந்திருந்தது.

"வந்துட்டியா?" என்றார். அதன் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். திரும்பி வராத ஒன்பது லட்சத்தை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் தன் கைப்பையிலிருந்து உறையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்களே அவர்கிட்ட குடுத்துடுங்க. சாயங்காலம் பேரன் வருவான். அவனைத் தொடுற வரைக்கும் போட வேண்டாம்னு சொல்லுங்க."